பத்து மணி முப்பத்தாறு நிமிடம்

இரண்டு விமான நிலையங்களின் பெயரை ஃபோனில் தட்டினால் போதும், நடுவில் ஒரு வளைந்த கோட்டைப் போட்டு, எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், பத்து மணி முப்பத்தாறு நிமிடம் என்று சொல்லிவிடுகிறது. சொல்வதற்கு அதற்கென்ன, அதுவா ஏறி உட்காரப்போகிறது? தம்பி அந்த ஃபோனை அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டி, காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கிவிடலாம் என்று பெருமையாகச் சொன்னான். ஏதோ அந்த விமானத்தை அவனே செய்து நிறுத்தியிருக்கிற மாதிரி.

அக்கா வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். டிப்போவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டிரைவரம்மா. தூரத்தை வேகத்தால் வகுத்து, வந்த விடையை நேரம் என்று எழுதிக் கொடுக்கிறவர்களைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அச்சில் ஏற்ற முடியாத அபிப்பிராயம். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு முப்பது நிமிடம் ரன்னிங் டைம் என்று ஆபீசில் ஒருவர் எழுதிவிடுவார். அந்த முப்பது நிமிடத்தில் சிக்னல் கிடையாது, பள்ளிக்கூட வாசல் கிடையாது, படியில் ஏறி நின்றுகொண்டு பையைத் துழாவுகிற பயணி கிடையாது. லேட்டாகப் போனால் மெமோ மட்டும் உண்டு.

எதற்காக இந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரைவரம்மாவுக்கு ஒரே மகள். இருபத்தேழு வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் தூர தேசத்துக்குப் போய் ஒரு பெரிய கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருக்கும் ரேக்குகளில் ஏறி, வந்த ஆர்டருக்குச் சரக்குப் பெட்டியை எடுத்துக் கீழே அனுப்பும் வேலை. நான்கு மாதத்துக்கு முன்னால் ஐந்தாவது தட்டிலிருந்து விழுந்துவிட்டாள். உடம்பு வந்தது, காரியங்கள் முடிந்தன, பிறகு நாற்பத்தொரு பக்க அறிக்கை வந்தது. பெல்ட் போட்டிருந்தாள், ஆனால் அதன் கொக்கியை ரேக்கின் கம்பியில் மாட்டவில்லை, ஆகவே பணியாளரின் கவனக்குறைவு.

கவனக்குறைவாம். பச்சை விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடக்கிற பெண் அவள். அம்மா கேஸை அணைத்தாரா என்று எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஃபோன் போட்டுக் கேட்கிறவள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஊரில் கடைசி விசாரணை. அன்றோடு கோப்பை மூடிவிடுவார்கள். அந்த ஊர்ச் சட்டப்படி, இறந்தவரின் நெருங்கிய சொந்தம் அறைக்குள் நேரில் இருந்தால் கேள்வி கேட்கலாம். வீட்டில் இருந்தபடி திரையில் பார்த்தால், பார்க்க மட்டும்தான் செய்யலாம். டிரைவரம்மாவுக்கு அந்த அறைக்குள் இருக்க வேண்டும். கவனக்குறைவு என்ற சொல்லை எழுதினவர்களே அதை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

நடுவில் நின்றது அவருடைய நுரையீரல். இரண்டு வருஷமாகத் தழும்பு ஏறி இறுகிக்கொண்டே வருகிறது. தோளில் ஒரு ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். மெஷினை எடுத்தால் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடிக்க வேண்டும். ஒரு பேட்டரி நான்கு மணி நேரம் ஓடும். அவரிடம் நான்கு பேட்டரி இருந்தது.

பறக்கலாம் என்று சான்றிதழ் கேட்டுப் போனபோது டாக்டரம்மா முதலில் தலையை இடமும் வலமும் ஆட்டினார். டிரைவரம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், எவ்வளவு நேரப் பயணம் என்று டாக்டரம்மா கேட்டார். தம்பி ஃபோனை நீட்டினான். அத்தனை வருஷம் படித்த மனுஷி, அதில் இருந்ததை அப்படியே எடுத்து, பத்து மணி முப்பத்தாறு நிமிடப் பறத்தலுக்குத் தகுதி உள்ளவர் என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டார். தம்பி அதே கையோடு நேர் விமானத்துக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

மறுநாள் விமான நிறுவனத்தின் ஆபீசுக்குப் போனபோது குட்டு உடைந்தது. கவுன்டரில் இருந்த பெண் சான்றிதழைப் படித்தாள், திரும்பப் படித்தாள், பிறகு இந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று மெதுவாகக் கேட்டாள். அவர்கள் விமானம் எடுத்துக்கொள்வது பன்னிரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம். போகிற திசையில் எதிர்க்காற்று. வழியில் இரண்டு நாடுகளின் மேலே பறக்க அனுமதி இல்லை, சுற்றிக்கொண்டு போக வேண்டும். இறங்குகிற இடத்தில் வரிசை. அது மட்டுமில்லை, ஆக்சிஜன் மெஷினோடு வருகிறவர் பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நான்கு பேட்டரிக்குப் பதினாறு மணி நேரம்தான்.

தம்பி விடவில்லை. ஃபோனைக் கண்ணாடித் தடுப்பின் மேல் வைத்து அழுத்தினான். பத்து முப்பத்தாறுன்னு இதில் தெளிவாகப் போட்டிருக்கிறதே என்றான்.

"அது விமானம் இல்ல சார்," என்றாள் அந்தப் பெண். "அது வெறும் கோடு."

டிரைவரம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தன்னை ஏற்ற மாட்டேன் என்று சொல்கிறவளையே பிடித்துப்போனது வேடிக்கைதான். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆளை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

ஐந்தாவது பேட்டரிக்கு மெஷின் விற்ற கடைக்காரரிடம் போனார்கள். வெளியூரிலிருந்து வரவேண்டும், பதினெட்டு நாளாகும் என்று அவர் கையை விரித்தார். விசாரணைக்கு இருந்தது எட்டு நாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் தம்பியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்திருந்ததை டிரைவரம்மா பார்த்துவிட்டார். பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்தே, அதை ஓட்டுகிறவன் குடிகாரனா என்று கண்டுபிடிக்கிற மனுஷிக்குச் சொந்தத் தம்பியின் மூஞ்சி தெரியாதா?

சாயங்காலம் தம்பி மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்து, எல்லோரும் கூட உட்கார்ந்து திரையிலேயே பார்த்துவிடலாம் என்று பக்குவமாக ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து கிடங்கு நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கள் உடல்நிலையைக் கருத்தில் கொண்டு, இவ்வளவு நீண்ட பயணத்தைத் தவிர்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம், எங்கள் பிரார்த்தனைகள் உங்களோடு என்று எழுதியிருந்தது.

டிரைவரம்மா அதை இரண்டு தடவை படித்தார். என் உடல்நிலை இவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

தம்பி சுவரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிறகு ஒப்புக்கொண்டான். அக்காவுக்கு மூச்சு இப்படி, திரையிலிருந்தே கேள்வி கேட்க முடியுமா என்று அவன்தான் போன வாரம் எழுதிக் கேட்டானாம். எனக்கு இருக்கிறது ஒரே அக்கா, பாப்பாதான் போய்விட்டாள், உன்னையும் ஆகாயத்தில் எங்கேயோ தொலைத்துவிட்டு நான் என்ன செய்வேன் என்று மூக்கை உறிஞ்சினான். அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் டிரைவரம்மாவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நீ பயப்படு, அது உன் இஷ்டம்," என்றார். "ஆனா நான் வரக்கூடாதுன்னு அந்தக் கம்பெனிக்காரனுக்கு இவ்ளோ ஆசை இருக்குல்ல? அப்ப நான் வந்தா அவனுக்கு என்னவோ ஆகுது. அது என்னன்னு பாக்காம விட மாட்டேன்."

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தாளை விரித்து உட்கார்ந்தார். ஃபோன் போட்ட கோட்டை அவர் மதிக்கவே இல்லை. பேருந்தை யாராவது புறப்பட்ட இடத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் ஒரே மிதியாக மிதிக்கிறார்களா? ஸ்டேஜ் பிரித்துத்தான் ஓட்டுகிறார்கள். விமானத்துக்கும் பிரித்தார். முதல் ஸ்டேஜ் மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். அங்கே ஏழு மணி நேரம் காத்திருப்பு. இரண்டாவது ஆறரை மணி. அங்கே ஒன்பது மணி நேரம். மூன்றாவது ஐந்து மணி இருபது. எதை ஒன்றரையால் பெருக்கினாலும் பத்து மணி நேரத்தைத் தாண்டவில்லை. காத்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரிக்குச் சாப்பாட்டு நேரம். இந்த நேரங்களை அவர் ஃபோனில் பார்க்கவில்லை. கவுன்டர் பெண்ணுக்கே ஃபோன் போட்டு, போன மாதம் அந்த விமானங்கள் உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கின என்று நாள்வாரியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவளும் சலிக்காமல் சொன்னாள்.

தம்பி தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். மொத்தம் முப்பத்தோரு மணி நேரம்.

"நேராப் போறதே ஆகாதுன்னு சொல்றாங்க, நீ சுத்திப் போறேங்கிறியேக்கா."

"தூரம் ஆகாதுன்னு யாருடா சொன்னா? ஒரே மூச்சுல போறதுதான் ஆகாது. எனக்கு ஒரே மூச்சு வராது. மூணு மூச்சாப் போறேன்."

டாக்டரம்மா இந்தத் தடவை ஃபோனை நம்பவில்லை. கவுன்டர் பெண் சொன்ன நேரங்களை எழுதிய தாளை வாங்கிப் பார்த்து, மூன்று பறத்தலுக்கும் தனித்தனியாக எழுதினார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பேச்சு வந்தபோது, வீட்டில் இருந்தால் மட்டும் ஆகாதா என்று டிரைவரம்மா கேட்டார். டாக்டரம்மா காலை அடிக்கடி நீட்டி மடக்கச் சொன்னார். கடைசியில் வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

விசாரணைக் கடிதத்தை வைத்து ஒருவருக்குத்தான் விசா கிடைத்தது. தம்பி கூட வர முடியாது. அவன் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து, நாற்பத்தொரு பக்க அறிக்கையையும் அக்காவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் தட்டி அச்செடுத்துக் கொடுத்தான். மன்னிப்பு என்று வாயால் எதுவும் கேட்கவில்லை. டிரைவரம்மாவும் எதிர்பார்க்கவில்லை. விமான நிலைய வாசலில் அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனார்.

முதல் ஸ்டேஜ் சுகமாக முடிந்தது. இறங்கிய இடத்தில்தான் சண்டை. அந்தப் பெரிய கூடத்தில் நூறு பேருக்கு நான்கு பிளக். ஒன்றில் ஒரு கோட்டுக்காரர் மடிக்கணினி, இரண்டு ஃபோன், காதில் மாட்டும் சமாச்சாரம் என்று ஒரு குடும்பத்தையே சொருகி வைத்திருந்தார். டிரைவரம்மா பேட்டரியைக் காட்டினார், மூக்குக் குழாயைக் காட்டினார். கோட்டுக்காரர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். பேருந்தில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தூங்குகிற மாதிரி நடிக்கிற எத்தனை பேரைப் பார்த்தவர் டிரைவரம்மா! அந்த ஆளுடைய ஒயரை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, அவர் மடியில் வைத்தார். கோட்டுக்காரர் வாயைத் திறந்தார். டிரைவரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

இரண்டாவது ஸ்டேஜில் கால் வீங்கிவிட்டது. செருப்புக்குள் பாதம் போகவில்லை. மூச்சு வாங்கியது. ஒரு நேரம், தம்பி சொன்னது சரியோ என்ற எண்ணம்கூட வந்தது. வந்த எண்ணத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். இறங்கியதும் பிளக்குக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, காலைப் பையின் மேல் தூக்கி வைத்து, அறிக்கையை எடுத்தார்.

வீட்டில் அவர் அதை மூன்று தடவை படித்திருந்தார். மூன்று தடவையும் பாப்பா விழுந்த பக்கம் வந்ததும் எழுத்து கலங்கிவிடும், அதற்கு மேல் ஓடாது. இப்போது ஒன்பது மணி நேரம் இருந்தது. அழுது முடித்த பிறகும் எட்டரை மணி நேரம் பாக்கி இருந்தது. முதல் வரியிலிருந்து, ஒரு வரி விடாமல் படித்தார்.

பத்தொன்பதாம் பக்கத்தில், ஒரு பெட்டிக்கு நாற்பது விநாடி, ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பெட்டி என்று இருந்தது. அதற்குக் குறைந்தால் எச்சரிக்கைக் கடிதம். முப்பத்தொன்றாம் பக்கத்தில், ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னும் பின்னும் கொக்கியை எப்படி மாட்டி, பூட்டி, இழுத்துப் பார்த்து, பிறகு கழற்ற வேண்டும் என்று ஆறு படிகள் இருந்தன. இரண்டு பக்கத்தையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. டிரைவரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஆளை அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாகத் தெரியும். ஆபீசில் உட்கார்ந்து வகுத்து எழுதுகிற அதே ஆள். பையின் வாரை நாற்காலிக் கையில் மாட்டி, இழுத்து, கழற்றி, வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். எதிரே இருந்த குழந்தை சிரித்தது. அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அந்த அறைக்குள் போனார். நீள மேசை, சுவரில் ஒரு கடிகாரம், தலைப்பக்கத்தில் விசாரணை அதிகாரி. நரைத்த தலை, சிரிக்காத பெண்மணி. ஒரு பக்கம் நிறுவனத்தின் வக்கீலும் கிடங்கின் மேற்பார்வையாளரும். டிரைவரம்மாவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். வக்கீல் எழுந்து நின்று, இவ்வளவு சிரமப்பட்டு வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். எதிர்பார்க்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

மேசை நடுவில், கண்ணாடிப் பைக்குள் ஒரு பெல்ட் இருந்தது. பாப்பாவின் இடுப்பில் இருந்தது. டிரைவரம்மா அந்த அறையில் இருந்த அத்தனை பேரையும் வெறுத்தார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேற்பார்வையாளர் சாட்சி சொன்னார். ஒன்பது வருஷ அனுபவம். கொக்கி மாட்டுவது சின்ன வேலை, இரண்டு விநாடிகூட ஆகாது, அந்தப் பெண் மாட்டவில்லை, வருத்தமாக இருக்கிறது என்றார். உறவினருக்குக் கேள்வி உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"கேள்வி ஒண்ணுதான்," என்றார் டிரைவரம்மா. "முப்பத்தொண்ணாம் பக்கத்துல ஆறு படி எழுதியிருக்கு. அவரையே செஞ்சு காட்டச் சொல்லுங்க. நான் கடிகாரத்தைப் பாக்கறேன்."

வக்கீல் எதிர்த்தார். அதிகாரி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். செய்யலாம் என்றார்.

மேற்பார்வையாளர் கையுறை போட்டுக்கொண்டு பெல்ட்டைக் கட்டினார். ஜன்னல் கம்பியில் கொக்கியை மாட்டினார். பூட்டினார், இழுத்துப் பார்த்தார், இரண்டாவது பூட்டைத் திருகினார். மேசையில் இருந்த ஒரு ஃபைலைப் பெட்டிக்குப் பதிலாக எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் கழற்றினார். ஐம்பத்திரண்டு விநாடி. டிரைவரம்மா பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்து, நாற்பது என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார்.

முதல் தடவை என்பதால் தடுமாறிவிட்டார், பழகிய கைக்கு வேகம் வரும் என்றார் வக்கீல். திரும்பச் செய்தார்கள். நாற்பத்தைந்து. மூன்றாவது தடவை வேகமாகச் செய்யப் போய்க் கையுறை பூட்டில் சிக்கி, நாற்பத்தொன்பது. மேற்பார்வையாளரின் நெற்றியில் வியர்வை. அவர் கொக்கியைத் தொங்கவிட்டு வக்கீலைப் பார்த்தார்.

இது போதும் என்று நினைக்கிறேன் என்றார் வக்கீல்.

"போதாது," என்றார் டிரைவரம்மா. மூச்சு இரைத்தது, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எம் பொண்ணு ஒரு நாளைக்கு அறுநூறு வாட்டி செஞ்சா. இவரு மூணு வாட்டிதான் செஞ்சிருக்காரு. இன்னும் ஐநூத்தித் தொண்ணூத்தேழு இருக்கு. நான் உக்காந்திருக்கேன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்தார். அதிகாரி வக்கீலின் பக்கம் திரும்பவில்லை. உறவினரின் கேள்வி இன்னும் முடியவில்லை, தொடருங்கள் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார்.

அவர் கொக்கியைக் கையில் எடுத்தார். நான்கு என்றார் டிரைவரம்மா.